அப்ரூவலை அழுத்தியது யார்?

கேள்வி: பேமென்ட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ரீஃபண்ட், தோற்றுப்போன பேமென்ட்டை மறுபடி முயல்வது, இன்வாய்ஸ் நினைவூட்டல் என ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒர்க்ஃப்ளோ, அதாவது படிப்படியாகத் தானே ஓடும் வேலைத் தொடர், செய்து கொடுப்பது என் பொறுப்பு. பழையதை நகல் எடுத்து, மாற்ற வேண்டியதை மாற்றித் தருவேன். ஒவ்வொரு முறையும் எங்காவது ஒன்று உடைகிறது. எல்லாவற்றையும் டெம்ப்ளேட், அதாவது எல்லாருக்கும் பயன்படுத்தக்கூடிய பொது அச்சு, ஆக்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? வேலைக்கு நான் அஞ்சியதில்லை. ராத்திரி பெரிய ரீஃபண்ட் வந்தாலும் அப்ரூவல் என் போனுக்குத்தான் வரும். நான் அசந்து தூங்கினால், பின் நம்பர் தெரிந்த என் மகளே அழுத்திவிடுவாள். பள்ளியில் படிக்கிறாள், கெட்டிக்காரி.

பதில்:

தம்பி, நகல் எடுத்து நகல் எடுத்துச் சிக்கிக்கொண்டவர்களின் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. உங்களுடையதில் என்னை நிறுத்தியது அந்தக் கடைசி மூன்று வரி. பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பதறியது.

அப்ரூவல் ஏன் உங்கள் போனுக்கு வருகிறது? முதல் வாடிக்கையாளருக்குச் செய்தபோது, சோதித்துப் பார்க்க உங்கள் எண்ணைப் போட்டிருப்பீர்கள். பிறகு அதையே நகல் எடுத்தீர்கள், எண்ணும் கூடவே போனது. உங்கள் ஒர்க்ஃப்ளோ உடைகிற இடமெல்லாம் இதே கதைதான். ஒருவருக்கென்று உள்ளே எழுதிய ஏதோ ஒன்று அடுத்தவருக்கும் போயிருக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு அப்படி என்ன அவசரம்? அப்ரூவ் செய்த பிறகும் கார்டுக்குப் பணம் திரும்பிச் சேரப் பெரும்பாலும் பல நாள் ஆகிறது. காலையில் அழுத்தினால் யார் குடியும் முழுகாது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து, யாரென்றே தெரியாதவரின் பணத்தை நகர்த்துகிறாள். அப்பாவுக்கு ஒத்தாசை என்று நினைத்திருப்பாள், பாவம். நாளைக்கு அது தப்பான ரீஃபண்ட் என்று தெரிந்தால் லாகில், அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவில், உங்கள் பெயர் இருக்கும், ஆனால் குற்ற உணர்வு அவளுக்கு இருக்கும். பெற்றவன் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றக் கூடாது. அவள் கெட்டிக்காரி என்பது உங்களுக்குச் சாக்கு ஆகாது.

கார்டு தகவலைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிகளில், ஆளுக்கொரு தனி அடையாளம் வேண்டும் என்று இருக்கிறது. எந்தச் செயலை யார் செய்தார் என்று பிறகு சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் லாகைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா?

டெம்ப்ளேட்டை இங்கிருந்தே தொடங்குங்கள். அப்ரூவ் செய்பவர் என்ற இடத்தில் ஆள் பெயரும் போன் எண்ணும் வரக் கூடாது, பொறுப்பு மட்டும் இருக்கட்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்பதை வாடிக்கையாளர் நிறுவனம்தான் நிரப்ப வேண்டும். அவர்கள் பணத்துக்கு நீங்கள் ஏன் சரி சொல்கிறீர்கள்? ரீஃபண்ட் கேட்டவரே அப்ரூவ் செய்ய முடியாதபடி நிபந்தனை வையுங்கள். குறித்த நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகட்டும். அவரும் இல்லையா, அப்படியே நிற்கட்டும். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தானாகப் பணம் அனுப்பும் டெம்ப்ளேட்டை யார் கேட்டாலும் செய்து தராதீர்கள்.

அடுத்தது தொகை. கரன்சியின் சிறிய அலகில், ரூபாய்க்குப் பைசா மாதிரி, தொகையைக் கேட்கும் சாஃப்ட்வேர் என்றால், எங்கோ ஓரிடத்தில் நூறால் பெருக்கி வைத்திருப்பீர்கள். ஜப்பானிய யென்னுக்குத் தசமம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று தசமம். யென் வாடிக்கையாளர் ஒருவர் வந்தால் நூறு மடங்கு பணம் போகும். பெருக்கும் எண்ணைக் கரன்சியிலிருந்து எடுக்க வையுங்கள்.

ஏதாவது நடந்ததும் ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றுக்குத் தானாகத் தகவல் சொல்லும் வழிதான் வெப்ஹூக். அது ஒரே செய்தியை இரண்டு தடவை அனுப்பலாம், முன்பின்னாகவும் அனுப்பலாம். அது கோளாறு இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். அதனால் ரீஃபண்ட் அனுப்பும் இடத்தில் ஐடெம்போடென்சி கீ, அதாவது ஒரே கோரிக்கை இரண்டாவது தடவை வந்தால் அடையாளம் கண்டு தடுக்கும் குறியீடு, கட்டாயம் வேண்டும். அந்தக் கீயை ரீஃபண்ட் கோரிக்கையின் எண்ணிலிருந்து உருவாக்குங்கள். ஓடும்போதெல்லாம் புதுக் கீ பிறந்தால் இரண்டாவது ரீஃபண்டும் தடையில்லாமல் போய்விடும். தோற்றுப்போன பேமென்ட்டிலும் காரணம் பார்க்க வேண்டும். கணக்கில் பணம் இல்லையென்றால் சில நாள் விட்டு முயலலாம். திருட்டுக் கார்டு என்று பதில் வந்தால் திரும்பத் தொடக் கூடாது.

நகல் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். மூலம் ஒன்றே ஒன்று, அதற்குப் பதிப்பு எண். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறுகிறவை தனியாக ஒரு பட்டியலில். கடவுச்சொல் மாதிரியான ரகசியக் கீகள் அந்தப் பட்டியலிலும் வேண்டாம், அவற்றுக்கென்று இருக்கும் பாதுகாப்பான பெட்டகத்தில் வையுங்கள். பட்டியலில் ஒன்று காலியாக இருந்தாலும் ஒர்க்ஃப்ளோ கிளம்பக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்றைக்கே பின் நம்பரை மாற்றுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று மகளிடம் சொல்லுங்கள், அவள் மேல் பழி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் உங்கள் பெயரில் போன அப்ரூவல்களை லாகிலிருந்து எடுத்து, ஒவ்வொரு ரீஃபண்டும் சரிதானா என்று பாருங்கள். அந்தப் பட்டியலோடு உங்கள் மேலாளரிடம் போய், அழுத்தியது நீங்கள் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.