டயாலிசிஸ் கட்டிலுக்கு ஒரு ஹெட்போன் – கடிதம்

வணக்கம்.

அப்பாவுக்கு 71 வயது. கிட்னி பழுதாகி ஒரு வருடமாக டயாலிசிஸ் செய்கிறோம். கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். இடது கையில் ஃபிஸ்டியூலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்). அவ்வளவு நேரமும் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார். தேவாரமும் செய்தியும் கேட்கட்டும் என்று காதுக்குள் வைக்கும் சின்ன இயர்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். காது நோகுது என்று பத்து நிமிடத்தில் கழற்றி விடுகிறார். கண்ணாடி போடுகிறவர், காதும் கொஞ்சம் மந்தம். ஆவணியில் அவருடைய பிறந்தநாள். கனடாவில் இருக்கும் அண்ணா விலை கூடிய நொய்ஸ் கான்சலிங் ஹெட்போன் ஒன்றை அனுப்பப் போகிறாராம். போட்டால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காதாம். அப்பாவுக்கு அது சரிவருமா? இல்லாவிட்டால் எதைப் பார்த்து வாங்குவது?

ச., உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள ச.,

அண்ணா காசைக் கட்டுவதற்கு முன் ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். வெளிச்சத்தத்தை அடைப்பது விமானத்தில் பெரிய வசதி. டயாலிசிஸ் கட்டிலில் அதுவே தொல்லை. இடையில் பிரஷர் இறங்கலாம், காலில் பிடிப்பு வரலாம், தலை சுற்றலாம். தாதி வந்து “ஐயா, எப்படி இருக்கு?” என்று கேட்டால் முதல் தரத்திலேயே அப்பாவுக்குக் கேட்க வேண்டும். மெஷினின் அலாரமும் தாதிக்கு மட்டும் உரியதல்ல. ஊசி ஏற்றிய கை கொஞ்சம் மடங்கினாலே குழாயில் அழுத்தம் மாறி அது கத்தும், பம்பும் நின்றுவிடும். சத்தம் கேட்கிறவர் கையைத் தானே நீட்டிவிடுவார். கேட்காதவர் தாதி வரும்வரை அப்படியே கிடப்பார். அந்த வசதி உள்ளதைத்தான் வாங்குவதென்றால் அங்கே அதை நிறுத்தி வைக்க வேண்டும், அல்லது வெளிச்சத்தத்தை உள்ளே விடும் முறையில் வைக்க வேண்டும். பாவிக்கப் போகாத ஒன்றுக்கு எதற்கு அவ்வளவு காசு? காதை அடைத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறது என்று சிலர் அதைக் கழற்றிவிடுவதும் உண்டு.

அடுத்தது பாரம். அந்த ரகத்தில் நல்ல பெயருள்ளவை பல 250 கிராம் அளவில் இருக்கும். ஆப்பிளின் ஏர்பொட்ஸ் மேக்ஸ் 385 கிராம் வரும். நிமிர்ந்து இருக்கிறவருக்கு அந்தப் பாரத்தைக் கழுத்து தாங்கிக்கொள்ளும். பாதி சாய்ந்து கிடக்கிறவருக்கு அது மெல்ல மெல்லப் பின்னால் சரியும், வளையம் உச்சந்தலையில் அழுத்தும். 200 கிராமுக்குக் கீழே தேடுங்கள், 220-ஐத் தாண்ட வேண்டாம். இணையக் கடைகளில் சில வேளை பெட்டியோடு சேர்த்த நிறையைப் போட்டிருப்பார்கள். ஹெட்போனின் நிறை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

காதுக்குள் வைப்பது நொந்ததில் ஆச்சரியம் இல்லை. வயதானவர்களின் காதுக் குடுமி (காதழுக்கு) காய்ந்து இறுகியிருக்கும். ரப்பர் முனை அதை இன்னும் உள்ளே தள்ளும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் இரண்டு காதையும் ஒரு தரம் காட்டுங்கள். குடுமி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே மந்தம் பாதி குறைந்துவிடலாம். பஞ்சுக் குச்சி போட்டுக் கிண்டாதீர்கள். கிட்னி நோயாளிகளுக்குக் கேட்கும் திறன் குறைவது மற்றவர்களைவிடக் கூட. சில அன்டிபயோட்டிக் ஊசிகளும், கூடிய அளவில் கொடுக்கும் சிறுநீர் மருந்தும் காதைத் தாக்கக் கூடியவை. புதிதாக இரைச்சல் கேட்டாலோ, ஒரு காது திடீரென அடைத்தாலோ அன்றைக்கே டொக்டரிடம் சொல்ல வேண்டும். அது ஹெட்போன் மாற்றித் தீர்கிற விஷயம் இல்லை.

இனி எந்த வகை என்று பார்ப்போம். தனித்தனியாகக் காதில் செருகும் வயரில்லாத பட்ஸ் வேண்டாம். விழுந்தால் மெஷினுக்கு அடியில்தான் தேட வேண்டும். கழுத்தில் மாலைபோல் கிடக்கும் நெக்பாண்டும் வேண்டாம். கையில் ஃபிஸ்டியூலா இருக்கும்வரை பரவாயில்லை, ஆனால் எப்போதாவது கழுத்துப் பக்கம் கதீட்டர் (டயாலிசிஸுக்கான குழாய்) வைக்க வேண்டி வந்தால் அந்த இடத்தில் எதுவும் உரசவோ இழுக்கவோ கூடாது. காதைத் திறந்துவிட்டுக் கன்னத்து எலும்பில் உட்கார்ந்து அதன் வழியாகச் சத்தத்தை அனுப்பும் வகை பாரமே இல்லாதது, 30 கிராம்கூட வராது. அலாரமும் நன்றாகக் கேட்கும். ஆனால் அதன் வளையம் பிடரிக்குப் பின்னால் போகிறது. தலையணையில் சாய்ந்தவுடன் வளையம் முன்னால் தள்ளப்பட்டு இடம் மாறிவிடும். நிமிர்ந்து இருந்து கேட்பவர்களுக்குத்தான் அது சரி. அதோடு வயதால் வரும் மந்தம் உள்காதில். எலும்பு வழியாகப் போனாலும் சத்தம் அதே உள்காதுக்குத்தான் போக வேண்டும்.

காதின் மேல் அழுத்தி உட்காரும் சின்ன வட்ட ஹெட்போன்கள் மலிவு, பாரமும் குறைவு. சோனி டபிள்யூஎச்-சிஎச்520 வெறும் 147 கிராம். ஆனால் அப்பா கண்ணாடிக்காரர். காது மடலைக் கண்ணாடிக் காம்போடு சேர்த்து அழுத்தினால் அரை மணித்தியாலத்தில் காதுக்குப் பின்னால் சிவக்கும். டயாலிசிஸில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுப்பார்கள். தோலும் மெலிந்த வயது. சின்ன அழுத்தத்திலேயே தோல் கன்றிப்போக இடமுண்டு.

ஆகவே காது முழுவதையும் சுற்றி மூடும் வகையில் பாரம் குறைந்தது ஒன்று. வயது போகப் போகக் காது நீளும், அதனால் அளக்காமல் வாங்காதீர்கள். ஒரு நூலை எடுத்து மடலின் மேல் விளிம்பிலிருந்து சோணை வரை பிடித்துப் பாருங்கள். காதை மூடும் கிண்ணத்தின் உள்துளை உயரம் அதைவிட அரை சென்டிமீட்டராவது கூட இருக்க வேண்டும். ஆழம் 2 சென்டிமீட்டர் வேண்டும். ஆழம் குறைந்தால் உள்ளே இருக்கும் தட்டு மடலில் முட்டும். கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கும்போது அது தெரியாது, வீட்டில் இருபதாவது நிமிடத்தில்தான் நோவு தொடங்கும்.

கிண்ணத்தின் விளிம்பில் உள்ள மெத்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஹெட்போன் முதலில் பழுதாவது அங்கேதான். ரெக்சின்போல் மினுங்கும் மெத்தை கடையில் வடிவாகத்தான் இருக்கும். அதன் மேற்பூச்சு ஈரத்திலும் வேர்வையிலும் சிதைகிற பொருள். ஒன்றிரண்டு வருடத்தில் கறுப்புச் செதிளாக உரிந்து கழுத்திலும் காதிலும் ஒட்டும். டயாலிசிஸ்காரர்களுக்குத் தோல் காய்ந்து அரிப்பெடுப்பது வழமை, அதற்குமேல் இந்தச் செதிள் வேறா? ஆஸ்பத்திரியில் ஏசி இருக்கும், ஆனால் வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டில் அரை மணித்தியாலம் அந்த மெத்தைக்குள் காதை வைத்திருக்க முடியாது. துணி மெத்தை உள்ளதை எடுங்கள். கிடைக்காவிட்டால் மெத்தைக்கு மேல் மாட்டும் துணி உறை இரண்டு சோடி வாங்கி மாற்றி மாற்றித் தோய்த்துப் போடுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்தால் ரெக்சின் இன்னும் கெதியாக வெடிக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். மெத்தை கழன்று வருகிறதா, மாற்று மெத்தை கிடைக்குமா என்றும் கடையிலேயே கேட்டு வையுங்கள். கடற்காற்று சார்ஜ் போடும் துளையையும் அரிக்கும், பாவிக்காத நேரம் மூடியுள்ள டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். வேறு நோயாளிக்கு இரவல் கொடுக்கவும் வேண்டாம்.

புதிது எதுவும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். அப்பாவின் தலையைவிட ஒரு விரல் அகலம் கூடிய புத்தக அடுக்கில் இரவு முழுக்க மாட்டி வைத்தால் தளரும். கையால் விரித்து வளைக்காதீர்கள், பிளாஸ்டிக் வளையம் வெடித்துவிடும்.

பட்டன் விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பாவின் இடது கை நாலு மணித்தியாலமும் அசையாது. வலது கையில் பிரஷர் பட்டி, அது இடைக்கிடை ஊதும். மிச்சம் இருப்பது வலது கை விரல்கள்தான். எனவே சத்தம் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் வலது கிண்ணத்தில் இருக்க வேண்டும், விரலுக்குத் தட்டுப்படும் உண்மையான பட்டனாகவும் இருக்க வேண்டும். தடவினால் வேலை செய்யும் ரகத்தில் கண்ணாடியைச் சரிசெய்யப் போனாலே பாட்டு நின்றுவிடும். வயரில்லாததே நல்லது, இரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் இன்னொரு வயர் வேண்டாம். ஆனால் 3.5 மில்லிமீட்டர் வயர் செருகும் துளையும் இருந்தால் விடாதீர்கள். போனில் உள்ள எஃப்எம் ரேடியோவுக்கு அந்த வயர்தான் ஏரியல். வயரில்லாமல் அது பெரும்பாலும் வேலை செய்யாது. வீட்டில் செய்தி கேட்க உதவும்.

அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் இன்னொன்று: ஹெட்போனுக்குள் காந்தம் இருக்கிறது. கழற்றி நெஞ்சில் வைக்கவோ கழுத்தில் தொங்கவிடவோ கூடாது, 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

போனில் செய்ய வேண்டியவை சில. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் மோனோ ஓடியோ. சாம்சுங் போனில் ஹியரிங் என்ஹான்ஸ்மெண்ட்ஸ் என்பதற்குள் இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும். மெஷின் இருக்கும் பக்கத்துக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மற்றக் காதால் கேட்டாலும் ஒன்றும் தவறாது. அங்கேயே இடம், வலம் சமநிலைக் கோடும் உண்டு, மந்தம் கூடிய காதுப் பக்கம் நகர்த்தலாம். வயதால் வரும் மந்தத்தில் முதலில் போவது மெல்லிய கூரிய ஒலிகள். ‘பால்’ என்றாலும் ‘கால்’ என்றாலும் ஒன்றுபோல் விழும். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், சொல் விளங்காது. ஈக்வலைசரில் (ஒலியின் தன்மையை மாற்றும் இடம்) பாஸை, அதாவது கனத்த ஒலியைக் குறைத்து 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றுங்கள். பெட்டியில் ‘எக்ஸ்ட்ரா பாஸ்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை வாங்காமல் விட இதுவே காரணம். கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்பவருக்கு 80 டெசிபெல் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனில் மேல் எல்லை ஒன்றைப் போட்டு வையுங்கள். வேண்டியதை வீட்டிலேயே இறக்கி வைத்தால் வார்டில் சிக்னலைத் தேட வேண்டியதில்லை. உங்கள் போனோடு அந்த ஹெட்போனைச் சோடி சேர்க்காதீர்கள். நீங்கள் வார்டு வாசலில் நிற்கும்போது உங்களுக்கு வரும் அழைப்பு அவர் காதில் மணியடிக்கும்.

பிறந்தநாளுக்கு இரண்டு கிழமை முன்பே வாங்கிவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் எத்தனை என்று பில்லில் எழுதியும் வாங்குங்கள். அண்ணா அங்கே வாங்கி அனுப்பினால் வாரண்டிக்கு இங்கே வழியிருக்காது. காசை அனுப்பச் சொல்வதே மேல். பிறகு அப்பாவைச் சாய்மனைக் கதிரையில் கண்ணாடியோடு சாய வைத்து, இடது கையைத் தலையணையில் நீட்டி வைக்கச் சொல்லுங்கள். அதை அசைக்காமல் வலது கையால் மட்டும் ஹெட்போனைப் போடட்டும், சத்தத்தைக் குறைக்கட்டும், நிறுத்தட்டும், கழற்றட்டும். 40 நிமிடம் கேட்க விடுங்கள். கழற்றியதும் காதுக்குப் பின்னால் பாருங்கள். கண்ணாடிக் காம்பு பதிந்த கோடு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அடுத்த நாளே கடைக்குக் கொண்டு போங்கள். மறைந்துவிட்டால், நிறுத்தும் பட்டனில் நகப்பூச்சு ஒரு துளி வைத்துக் காயவிடுங்கள், விரல் தானே அதைக் கண்டுபிடிக்கும்.