தைத்த பூவும் நெய்த பூவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற மாதம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோவின் பட்டு உடைகள் சிலவற்றைப் பார்த்தேன். ஓர் உடையில் சாமந்திப் பூக்கள் துணியிலிருந்து புடைத்து நின்றன. எம்பிராய்டரி என்றே நினைத்தேன். குறிப்பு அட்டையோ அது தறியில் நெய்தது என்றது. பக்கத்து உடையை ஊசிவேலை என்று குறித்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர் இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? தறியிலேயே இவ்வளவு முடியும் என்றால் ஊசி எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் முதலில் பார்த்தது கராஓரி; பெண் பாத்திரங்களின் மேலாடை. கியோட்டோவின் நிஷிஜின் பகுதி நெசவாளர்கள் பேர்பெற்ற வேலை அது. குறுக்கே ஓடும் வண்ண ஊடை இழைகளை இறுக்கிக் கட்டாமல் துணியின்மேல் நீளமாக மிதக்க விடுவதால் பூ புடைத்து நிற்கிறது. இரண்டாவது நுயிஹாகு. ‘நுயி’ என்றால் தையல், ‘ஹாகு’ என்றால் பொன் அல்லது வெள்ளி ரேக்கு. ஊசியால் பூக்களைத் தைத்து, இடைவெளிகளில் பசை தடவி ரேக்கு ஒட்டுவார்கள்.

புடைப்பை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தையற்காரர்கள் இழையைப் பூவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு முன்பக்கமாகவே கொண்டுபோய், அங்கே துணியைச் சிறிதளவு மட்டும் குத்தி, மீண்டும் முன்பக்கமாகவே திருப்பினார்கள். பின்பக்கத்தில் பட்டு அநேகமாக இருக்காது, துணி விறைக்காது, முன்பக்க இழைகளோ கராஓரியைப் போலவே மெத்தென்று மிதக்கும். ஆகவே இழை செல்லும் திசையைப் பாருங்கள். ஊடை இழை துணியின் குறுக்கே மட்டுமே போகும் என்பதால், நெய்த சாமந்தியில் எல்லா இதழ்களிலும் இழைகள் கிடையாகவே படுத்திருக்கும். வளைவுகளின் விளிம்பு நுண்ணிய படிக்கட்டாகத் தெரியும். ஊசிக்கு அந்தக் கட்டு இல்லை. இதழின் இழை பூவின் நடுவை நோக்கிச் சாயும், இலையின் இழை நரம்பை நோக்கிச் சாயும். நீங்கள் ஓரடி நகர்ந்தால் போதும், ஓர் இதழ் மங்கி அடுத்தது ஒளிரும்.

அந்த ஒளிக்கு இன்னொரு காரணம், ஊசிப் பூவேலைக்கு எடுக்கும் பட்டில் பெரும்பாலும் முறுக்கு இல்லாததுதான். கியோட்டோவில் ஒரு பட்டறையில் அந்த இழையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. என் கட்டைவிரல் நகத்தோரம் இருந்த சிறு சொரசொரப்பிலேயே அது சிக்கிப் பிரிந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு புரிகள், ஒவ்வொன்றும் சிலந்தி நூல் அளவு. முறுக்காத புரிகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுப்பதால் ஒளி சிதறாமல் ஒரே தகடாகத் திரும்புகிறது. பைன் ஊசியிலை போன்ற கூரிய வடிவங்கள் வேண்டும்போது மட்டும் அதே இழையை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி முறுக்கேற்றிக்கொள்கிறார்கள்.

ஊசி எதற்கு என்ற உங்கள் கேள்விதான் இதில் முக்கியமானது. தறி ஒரு நீண்ட துணிச்சுருளைத்தான் அறியும். அதன் அகலம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். பூவேலை செய்பவர் முழு உடையையும் ஒரே பரப்பாக எண்ணுகிறார். வெள்ளைப் பட்டுத் துணியை முதலில் தற்காலிகமாக உடையின் வடிவில் தைத்து, அதன்மேல் படத்தை வரைந்து, பின்னர் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒரு கை மேலேயும் மறு கை கீழேயுமாக வேலை செய்வது இன்றும் உள்ள வழக்கம். மீண்டும் தைத்து இணைக்கும்போது, கீழ் விளிம்பில் வேர்கொண்ட பிளம் மரம் தையல் கோடுகளைத் தாண்டி முதுகில் ஏறித் தோளில் கிளைத்துக் கைப்பகுதியில் பூக்கிறது. கராஓரியின் அழகைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு மரத்துக்காகவே நான் ஊசியின் பக்கம் நிற்பேன்.

அடுத்த முறை போகும்போது, நுயிஹாகுவில் பட்டு உதிர்ந்துபோன இடங்களைத் தேடுங்கள். இழை போன இடத்தில் ஊசித் துளைகளின் வரிசையும், சில உடைகளில் அவற்றுக்கிடையே தூரிகையால் மையில் வரைந்த இதழின் கோடும் அப்படியே தெரியும்.

அன்புடன்.