கல்வி உரிமைச் சட்டப்படி ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் தரும் 25 சதவீத ஒதுக்கீட்டில் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்த என் மகள் வகுப்பில் பேசுவதே இல்லை. ஏன்?

அவளை மந்தம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை புது மொழிக்கு நடுவே சில மாதங்கள் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. அந்த நேரத்தில் காது வேலை செய்துகொண்டிருக்கும். புது மொழியில் அன்றாடப் பேச்சு ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடும், பாடம் புரிந்து படிக்கும் மொழிக்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்று கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டினார். எல்.கே.ஜி.யில் மூன்றே மாதத்தில் ஆங்கிலம் எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆனால் மொழி மட்டுமே காரணமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் வாங்கித் தருகிறது. பக்கத்தில் உட்காரத் தோழியைத் தருவதில்லை. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் கூடிக்கொள்வார்கள். டைரியில் வரும் ஆங்கிலக் குறிப்பைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டில் ஆள் தேட வேண்டியிருக்கும். இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்வதை யாரும் நினைவில் வைப்பதாகத் தெரியவில்லை.

தமிழில் பதில் சொன்னாலும் ஏற்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். தமிழ் பேசும் பிள்ளையின் அருகே உட்காரவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அரைகுறை ஆங்கிலம் வேண்டாம். தமிழிலேயே நிறையக் கதை சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் ஒரு வாக்கியத்தை மட்டும் இன்றே ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.