வயசுல சின்னவர் மேனேஜரா வந்தா எப்படி நடந்துக்கறது? திருக்குறள்லாம் ஆபீசுக்கு உதவுமா?

என்னவிட சின்ன வயசுக்காரர் மேனேஜரா வந்திருக்கார், அவர்கிட்ட எப்படி இருக்கறதுன்னே தெரியல, பழைய நூல்லாம் இதுக்கு உதவுமான்னு கேட்டிருக்கீங்க. உதவும்ங்க. ஆனா ஆபீஸ் சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிற குறள் இல்ல. "இனிய உளவாக" நல்ல குறள்தான், அத சொல்லிக்கிட்டே திங்கக்கிழமை காலைல மேனேஜர் ரூமுக்குள்ள போனா ஒண்ணும் ஆகாது. நேரா பொருட்பாலுக்கு போங்க, அமைச்சியல்ல 70வது அதிகாரம், மன்னரைச் சேர்ந்தொழுகல், 691ல இருந்து 700 வரைக்கும். மேல இருக்கறவன்கிட்ட வேலை பாக்கறது எப்படின்னு அதுக்குன்னே ஒரு அதிகாரம் எழுதி வச்சிருக்கார் மனுஷன். பதினஞ்சு வயசுல இத படிச்சா ஒண்ணும் புரியாது, சம்பளம் வாங்க ஆரம்பிச்ச அப்பறம்தான் உறைக்கும்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், ஆர்டர் வந்ததுலேர்ந்து ஷிப்மெண்ட் போற வரைக்கும் பின்னாடியே ஓடற வேலை. இங்க பெரும்பாலும் குடும்பக் கம்பெனிங்கதான், பெரியவர் நாலு மெஷின் போட்டு ஆரம்பிச்சிருப்பார், அப்பறம் பையன் எம்பிஏ முடிச்சிட்டு வந்து சேர்ல உக்காருவார், தோள்ல தூக்கி வச்சிருந்தவங்க எல்லாம் அன்னைலேர்ந்து "சார்"னு கூப்பிடணும். அதனால உங்க பிரச்சனை எங்க ஊருக்கு புதுசு இல்ல. அதுக்குத்தான் 698.

இளையர் இனமுறையர் என்றிகழார் நின்ற
ஒளியோடு ஒழுகப் படும்.

சின்னப் பையன்தானே, நமக்கு இன்ன முறை ஆகுறவன்தானேன்னு இளக்காரமா பாக்காதே, அவன் இருக்கிற இடத்துக்கு என்ன மரியாதையோ அதுப்படி நடந்துக்கோ, அவ்ளோதான். இந்த "முறை ஆகுறவன்"ங்கறத எவ்வளவு சரியா புடிச்சிருக்கார் பாருங்க, மச்சான் பங்காளி எல்லாம் ஒரே ஆபீஸ்ல வேலை செய்யற ஊர்ல இருந்து பாத்தாத்தான் அதோட அருமை தெரியும்.

ஒரு கம்பெனில நான் கண்ணால பாத்தது. புரொடக்‌ஷன் பாத்துக்கிட்டிருந்தவர் ரொம்ப பழைய ஆளு, வேலைல கில்லாடி. காம்பாக்டிங் (துணி அப்பறம் சுருங்காம இருக்க மெஷின்ல அமுக்கறது) முடிஞ்சு துணி வந்திருக்கு, ஷிப்மெண்ட் அவசரம், சின்ன முதலாளி உடனே கட்டிங் போடச் சொல்றார். நிட்டட் துணிய பிரிச்சுப் போட்டு ரிலாக்ஸ் ஆக விடாம வெட்டினா அப்பறம் சுருங்கி அளவு குறையும், இது அந்த பழைய ஆளுக்கு அத்துப்படி. அத சொல்லலாம்ல, சொன்ன விதம் இருக்கே, கட்டிங் மாஸ்டர், கான்ட்ராக்டர், செக்கிங் பொண்ணுங்க எல்லாரும் நிக்கறப்ப "தம்பி, நீ ட்ரவுசர் போட்டுத் திரிஞ்சப்பவே நான் இந்த டேபிள்ல நின்னவன், உனக்கு என்ன தெரியும்"னுட்டார். விஷயம் நூத்துக்கு நூறு சரி, ஆனா அத்தன பேர் முன்னாடி அப்படி கேட்டுட்டு அந்தப் பையன் எப்படி இறங்கி வருவான்? வெட்டுன்னான், வெட்டினாங்க, செஸ்ட் அளவு டாலரன்ஸுக்கு, அதாவது கூடக்குறைய இருக்கலாம்னு விட்ட அளவுக்கும் கீழ போயிருச்சு. கொஞ்ச நாள்ல அந்த பழைய ஆள கோடவுனுக்கு மாத்திட்டாங்க. 700வது குறள் இதேதான், பழக்கம் இருக்குன்னு உரிமை எடுத்துக்கிட்டு கூடாதத செஞ்சா அந்த உரிமையே கேடா முடியும்ங்கறது.

அதே விஷயத்த தனியா ரூம்ல போய், "சார், ஒரு ரோல் மட்டும் வெட்டி அளவு பாத்துக்கலாமா"ன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். 696 அததான் சொல்லுது, முகக்குறிப்ப பாத்து, நேரம் பாத்து, வெறுப்பு வராத மாதிரி, கேக்கறவன் விரும்பற மாதிரி சொல்லுன்னு. எங்க எம்.டி. காலைல பேங்க் ஃபோன்ல இருப்பார், பேக்கிங் கிரெடிட், ஓ.டி.ன்னு கடன் பேச்சா ஓடும், மூஞ்சி கடுகடுன்னு இருக்கும், அப்ப போய் "சார் டையிங்ல ஷேடு மாறிப்போச்சு"ன்னா எனக்குத்தான் விழும். மத்தியானம் டீ வர்ற நேரம், கைல ஷேடு மாறின துண்டு, பையர் (ஆர்டர் குடுக்கற கம்பெனி) அப்ரூவ் பண்ண லேப் டிப், அதாவது கலர் சாம்பிள் துண்டு, மறுபடி சாயம் போட்டா எத்தன நாள் ஆகும்ங்கற கணக்கு, இந்த மூணும் இல்லாம நான் உள்ள போறதில்ல. ஆனா நேரம் பாக்கறேன்னு ரெண்டு நாள் தள்ளிப்போட்டா கப்பல விட்டுட்டு ஏர்ல அனுப்பற செலவு வந்து நிக்கும், அதுக்கு எந்தக் குறளும் காப்பாத்தாது.

694 இன்னும் சூப்பர். பெரியவங்க இருக்கற எடத்துல காதுல குசுகுசுன்னு பேசறதையும் ஒருத்தர பாத்து ஒருத்தர் சிரிக்கறதையும் விட்டுடுங்கறார். வெளிநாட்டு பையர் எதிர்ல உக்காந்திருக்கறப்ப நம்மாளுங்க ரெண்டு பேர் தமிழ்ல ஏதோ சொல்லி சிரிப்பாங்க, மத்தியானம் பிரியாணி எங்கன்னுதான் பேசியிருப்பாங்க, அந்தாளு தன்னைத்தான் கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சுக்குவான். மீட்டிங்ல ஃபோன குனிஞ்சு பாத்து வாட்ஸப் சிரிப்பு சிரிக்கறதும் அதே கேஸ்தான்.

693, சந்தேகம் வந்துட்டா அப்பறம் யாராலயும் தெளிய வைக்க முடியாது. எங்க லைன்ல சந்தேகம்னா ஒண்ணுதான், சப்ளையர்கிட்ட கமிஷன். அதனால ஜிப், பட்டன், லேபிள் எதுவா இருந்தாலும் மூணு கொட்டேஷன் மெயில்ல வாங்கி அக்கவுண்ட்ஸையும் சிசில போட்டுடுவேன், தீபாவளிக்கு வர்ற ஸ்வீட் பாக்ஸ் நேரா பொது டேபிளுக்கு போயிரும். 695 ஒட்டுக்கேக்காதே, தோண்டித் துருவாதேங்கறது. போனஸ் சீசன்ல இத கடைப்பிடிக்கற ஆள நான் இன்னும் பாக்கல.

எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கணும்னு சொல்ல மாட்டேன். 692, மன்னர் விரும்பறத நீ விரும்பாதேங்குது. அது ராஜா காலத்து கணக்கு, ராஜாவ விட்டுட்டு ஓட முடியாது, நமக்கு நோட்டீஸ் பீரியட் இருக்கு, மேனேஜர் சேர் மேல ஆசைப்படறதுல தப்பே இல்ல. அவர் பையர் முன்னாடி பேர் வாங்க நினைக்கற நேரத்துல நடுவுல பூராதீங்க, அந்த அளவுக்கு எடுத்துக்கிட்டா போதும்.

இதெல்லாம் ஜால்ரா அடிக்கறதுக்கு டியூஷனான்னு கமெண்ட்ல கேப்பீங்கன்னு தெரியும். அதே அமைச்சியல்ல 638 இருக்கு, தலைவன் தானும் அறியாம, அறிஞ்சவன் சொல்றதையும் தட்டிவிடறவனா இருந்தாலும், உறுதியானத எடுத்துச் சொல்லவேண்டியது கூட இருக்கறவன் கடமைன்னு. ஜால்ரா போடறவனுக்கு அந்தக் குறள் செட்டே ஆகாது.

உங்க விஷயத்துக்கு வர்றேன். 691ல தீ காயறவன் மாதிரி ரொம்ப தள்ளியும் போகாம ரொம்ப ஒட்டவும் செய்யாம இருன்னு இருக்கு. நீங்க எழுதினத பாத்தா தள்ளிப் போயிட்டீங்கன்னு தோணுது, அவரே கூப்பிட்டா மட்டும் பேசறேன்னு சொல்றீங்க. அத முதல்ல மாத்துங்க, வாரத்துல ஒரு நாள் நீங்களா போய் பத்து நிமிஷம் உக்காந்து எந்த வேலை எதுல நிக்குதுன்னு சொல்லிட்டு வாங்க, பழைய ஃபைல்ல அவருக்குத் தெரியாத சங்கதி ஏதாவது இருந்தா யாரும் இல்லாதப்ப எடுத்துக் குடுங்க. வயசப் பத்தின பேச்ச மட்டும் நீங்க ஆரம்பிக்காதீங்க, அவரே "நீங்க சீனியர்"னு சொன்னாலும் சிரிச்சிட்டு அடுத்த விஷயத்துக்கு போயிருங்க.