காணியை ஈடு வைக்க வேண்டாம் அக்கா

அக்கா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்து நல்ல பெறுபேறு வாங்கியிருக்கிறாள். ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, ‘ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யிறது, கொழும்பில ஒரு பிரைவேட் கம்பஸில பிஸ்னஸ் மனேஜ்மென்ட் படிக்க விடு’ என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறார். அதற்காகக் கோப்பாய்த் தோட்டக் காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம்.

கட்டணம் மட்டுமா செலவு? கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு, எல்லாவற்றுக்கும் மேலே வட்டி. படிப்பு முடியும்போது அதே சான்றிதழோடு எத்தனையோ பிள்ளைகள் வேலைக்கு அலைவார்கள். வட்டியை அண்ணா கட்டுவாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் கட்டினாலும் படிக்கப் போவது பிள்ளை. அவளுக்கு அதில் நாட்டம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

‘எந்நேரமும் இதைத்தான் கிறுக்குகிறாள்’ என்று முறைப்பாட்டோடு அனுப்பிய கொப்பிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஏதோ ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆங்கில அறிவித்தலில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு, வரப்போகிற என்ற அர்த்தத்தில், ‘இம்பென்டிங்’ (impending) என்று போட்டிருக்கிறார்கள். பிள்ளை அதன் கீழே கோடு போட்டு, ‘கூட்டம் என்ன புயலா?’ என்று எழுதியிருக்கிறாள். சரியாகப் பிடித்திருக்கிறாள்! அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கே தலைக்கு மேல் தொங்குவது என்று பொருள். அனேகமாக ஆபத்துக்கும் இழப்புக்கும்தான் அது வரும். பரீட்சை, மாட்ச் போன்றவற்றுக்கு ‘அப்கமிங்’ போதும். ‘ஃபோர்த்கமிங்’ கொஞ்சம் உத்தியோகபூர்வமானது: வரப்போகும் நூல், வரப்போகும் தேர்தல். அதையே ‘நொட்’ சேர்த்து உதவிக்கோ தகவலுக்கோ சொன்னால், கேட்டும் கிடைக்கவில்லை என்றாகிவிடும். ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் ஒளிக்காமல் பேசுபவர். இவை எல்லாவற்றுக்கும் சொந்தமாக உதாரணம் எழுதி வைத்திருக்கிற பிள்ளையையா மனேஜ்மென்ட் படிக்க அனுப்பப் போகிறீர்கள்?

ஆசிரியத் தொழில், சட்டம், வங்கி பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லும், நான் விட்டுவிடுகிறேன். ஒருவரும் சொல்லாதது மொழிபெயர்ப்பியல். திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலேயே அந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம்.

வேலை இருக்கிறதா என்பீர்கள். 1956இல் அரச கரும மொழி சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. சட்டத்தில் அப்படி, நடைமுறையில் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்து, அதை வாசிக்க ஆள் தேடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வர்த்தமானி மூன்று மொழியிலும் வர வேண்டும். பாராளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் கொண்டு போகிறவர்கள் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் போகிறார்கள். அண்ணாவும் கனடா போக முதல் ஒருவரிடம் போயிருப்பார்! ‘இப்ப கூகுளே செய்யுதே’ என்று அவர் சொல்லக்கூடும். உறுதியில் எல்லை பிழைத்தால் கூகுள் வந்து பதில் சொல்லாது. கையெழுத்துப் போட்டவர்தான் சொல்ல வேண்டும்.

தொடக்கத்திலேயே பெரிய சம்பளம் வரும் என்று சொல்ல மாட்டேன். சிங்களம் தெரியாமல் போனால் பாதி வாசல் மூடிவிடும் என்பதையும் மறைக்க மாட்டேன்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த ஆண்டுக் கைநூலை வாங்குங்கள். எந்தெந்தப் பாடத்தில் என்ன சித்தி வேண்டும், தனியாகப் பரீட்சை வைக்கிறார்களா என்று பிள்ளையையே வாசித்துக் குறிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் விருப்ப வரிசையையும் அவளே எழுதட்டும். அண்ணாவிடம் சொல்வது அனுப்பிய பிறகு போதும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி காணாவிட்டால், இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகம் நடத்தும் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமாவைப் பாருங்கள். கம்பஸ் தொடங்கும்வரை எப்படியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சிங்கள வகுப்புக்கு விடுங்கள், செலவு அது மட்டும்தான்.