ஷீலா-ந-கிக் டாலர் கறுத்திருப்பது பற்றி

அயர்லாந்தின் டப்ளினில் வாங்கிய ஷீலா-ந-கிக் (பெண்குறியை விரித்துக் காட்டும் பெண்ணின் இடைக்காலக் கற்சிற்ப உருவம்) பொறித்த, கழுத்தில் அணியும் வெள்ளி டாலரில் கண், விலா எலும்புப் பள்ளங்கள் கறுப்பாக இருப்பதால் போலியோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். கைவினைஞர்கள் பெரும்பாலும் கந்தகக் கரைசலில் முக்கிக் கறுக்கவைத்து, மேடுகளை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அயர்லாந்தின் ஃபெதார்ட் ஊர் மதில் சுவரில் இருக்கும் ஷீலாவைப் போன்ற கற்சிற்பங்களில் விழும் நிழல் அப்படித்தான் கிடைக்கும். கறுப்பு போனால் அந்த முகம் வெறும் தகடுதான்.

அதனால் பற்பசை வேண்டாம். வெள்ளியை முக்கிக் கறுப்பு நீக்கும் டிப் திரவம் வேண்டவே வேண்டாம், பள்ளத்துக் கறுப்பையும் கரைத்துவிடும். இளஞ்சூட்டு நீர், துளி சோப்பு, மென்துணி போதும். தரம் தெரிய, பின்புறம் 925 எண்ணையும் (92.5% வெள்ளி என்று பொருள்) அயர்லாந்தைக் குறிக்கும் உட்கார்ந்த பெண்ணான ஹைபர்னியா முத்திரையையும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். ஹைபர்னியா இருந்தால் டப்ளினில் தரம் சோதித்த வெள்ளி.