எல்லா விளக்கையும் எல்.இ.டி.க்கு மாற்றியும் கரண்ட் பில் குறையவில்லை. வேறு என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பல்புகளை மாற்றினேன். அறையை விட்டு வருகிற ஒவ்வொருவரையும் "லைட்டை அணைச்சியா?" என்று துரத்தினேன். பில் அசையவில்லை, என் பெயர்தான் கெட்டது.

கணக்குப் போட்டபோது காரணம் புரிந்தது. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு 1 யூனிட்டைத் தின்ன 111 மணி நேரம் எரிய வேண்டும். 2000 வாட் கீசருக்கு அரை மணி நேரம் போதும். பல்புக்குக் காவல் இருந்து கீசரில் கோட்டை விட்டிருக்கிறேன்.

அதனால் முதலில் கரண்ட் எங்கே போகிறது என்று பாருங்கள். இதற்கென்று எதுவும் வாங்க வேண்டாம், மீட்டரே சொல்லிவிடும். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அதன் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 3200. ஒரு ராத்திரி விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டார்ச்சோடு போய் மீட்டர் முன்னால் நின்றேன். மினுக்கவே கூடாது அல்லவா? 25 வினாடிக்கு ஒரு முறை மினுக்கியது. மணிக்கு 144 மினுக்கல், அதை 3200-ஆல் வகுத்தால் 0.045 யூனிட், அதாவது 45 வாட். சின்னதுதான், ஆனால் ராப்பகலாக ஓடினால் மாதத்துக்கு 32 யூனிட்!

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ரிமோட்டில் அணைத்திருந்த செட்டாப் பாக்ஸ் இளஞ்சூடாக இருந்தது. யாரும் கேட்காத பழைய மியூசிக் சிஸ்டமும் அப்படியே. மேசைக்கு அடியில் கம்ப்யூட்டரின் யூ.பி.எஸ். சுவர் ஸ்விட்சில் அணைத்தால்தான் இவை உண்மையிலேயே அணையும். வைஃபை ரூட்டரை மட்டும் விட்டுவிட்டேன். அதை நிறுத்தினால் வீட்டில் நடக்கும் கலவரத்துக்கு மின்சாரமே மலிவு. இப்போது மீட்டரின் சிவப்பு விளக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் மினுக்குகிறது.

அப்புறம் கீசர். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட்தான் ஆகும், அதாவது கால் மணி நேரம். நாங்கள் காலையில் போட்டதை மதியம் வரை மறந்துவிடுவோம். தண்ணீர் ஆறும், திரும்பச் சுடும், மறுபடி ஆறும். குளிக்கப் போவதற்குக் கால் மணி முன்னால் போட்டு, உள்ளே போகும்போது அணைத்துவிடுங்கள்.

ஃபேனை யாரும் சந்தேகப்படுவதில்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் உள்ளது) 30 வாட் சுமாருக்குள் முடித்துக்கொள்ளும். தினமும் 15 மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால் மாதம் 20 யூனிட் மிச்சம். எப்போதாவது சுற்றுகிற ஃபேனை மாற்றாதீர்கள், போட்ட காசு திரும்பாது.

ஏசியை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது சும்மா. அதே வேகத்தில்தான் குளிரும், நிற்காமல் ஓடும், அவ்வளவே. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சமாகும் என்பார்கள். 25-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்ற விடுங்கள். ஃபில்டரைக் கழுவுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை போய்விட்டது.

ஒன்று மட்டும் கவனம். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் மீட்டர் மினுக்கிக்கொண்டே இருந்தால் நீங்களாக எதையும் நோண்ட வேண்டாம். ஒயரிங்கில் கசிவு இருக்கலாம், வேறு யாருடைய லைனோ உங்கள் மீட்டரில் தொங்கிக்கொண்டும் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.